திட்டின் மேல் நின்ற வெளிச்சம்

ஹெலிகாப்டர் கொள்ளிடத்தின் மேல் பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

பஞ்சக்கரைப் பக்கம் கரையில் நின்ற கூட்டம் ஐயோ என்று கத்தியது. வேணி திட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றின் நடுவே இருந்த திட்டில், ஒரு முள்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் புருஷன் தர்மராஜ்.

திட்டில் கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவரப் போனவர். மணப்பாறைச் சந்தையில் வாங்கி இன்னும் பழகக்கூட இல்லாத மாடு. முக்கொம்பு அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அதற்குள் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொண்டது. மாடு நீந்திக் கரையேறிவிட்டது. கொள்ளிடக் கரையிலேயே பிறந்து நீச்சல் தெரியாத ஒரே மனுஷன் மாட்டிக்கொண்டார்.

படகு போய்ப் பார்த்தது. இழுப்பு தாங்காமல் திரும்பிவிட்டது. இருட்டியும் விட்டது. திட்டின் மேல் ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்ததால் மட்டும் அவர் தெரிந்தார். தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டியிருந்தது.

தீயணைப்பு அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"யாரோ ட்ரோன் விடுறீங்க. தயவுசெஞ்சு இறக்குங்க. சின்ன சாமான்தான், ஆனா விசிறியில மாட்டுச்சுன்னா ஹெலிகாப்டரே ஆத்துல விழுந்துடும். இருட்டுல அது கிட்ட இருக்கா தூர இருக்கான்னு பைலட்டுக்குத் தெரியாது."

வேணி அப்போதுதான் நின்ற இடத்தைவிட்டு அசைந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள்.

ஒரு லோடு ஆட்டோவின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான் அவன். நல்ல சட்டை, கழுத்தில் மைக், கையில் ரிமோட். சேனலில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவன் வீட்டுச் சாவில் சோறு தேடும் ஜென்மம். வேணி அவன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நாலு பேரு பாக்கணும்னு எம்புருஷன் சாகணுமாடா?"

பளாரென்று ஓர் அறை விட்டாள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ட்ரோனை இறக்கினான். கூட்டம் அவனை நல்லபடியாகக் கவனித்தது. வேணி தடுக்கவில்லை. அவளுக்கு அது போதவும் இல்லை.

ஹெலிகாப்டர் மறுபடியும் வந்தது. சத்தம் நெருங்க நெருங்க வேணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

போன முறை திரும்பிய அதே இடத்தில் நின்றது. பிறகு மெதுவாக விலகிப் போனது.

"இன்னும் ஒண்ணு பறக்குது" என்றது மைக்.

"எந்தப் படுபாவிடா அது?" வேணி மண்ணை வாரித் தூற்றினாள். அவன் குடும்பம் விளங்காது என்றாள். அவன் கை அழுகிப்போகும் என்றாள். ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அடி வாங்கியவன்தான் சொன்னான். உதடு கிழிந்திருந்தது. கோபம்கூட இல்லாமல் சொன்னான்.

"திட்டு மேல நிக்குதேக்கா, அந்த லைட்டு. அதுவும் ட்ரோன்தான்."

வேணி திரும்பிப் பார்த்தாள்.

அவள் வரவழைத்ததுதான் அது. மகள் ரஞ்சனியின் மஞ்சள் நீராட்டு விழாவில் மேலிருந்து பூத் தூவிய ட்ரோன். இருட்டத் தொடங்கியதுமே மன்னார்புரம் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, அழுது, போட்டோக்காரர் அருள்ராஜை அதோடு வரச் சொன்னவள் அவள். அவரும் அதில் ஒரு விளக்கைக் கட்டி, புருஷன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினார். அதை ட்ரோன் என்று வேணி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அது வெளிச்சம். அவர் பயப்படாமல் இருக்கப் போட்ட வெளிச்சம்.

அருள்ராஜ் ஆற்றோரமாக நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் இரைச்சலில் மைக் சத்தம் எட்டாத இடம். வேணி கையை ஆட்டிக்கொண்டே அவரிடம் போய் நின்றாள். அவர் கையிலிருந்த சின்னத் திரையில் தர்மராஜ் தெரிந்தார். அண்ணாந்து வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் பேட்டரி மாற்ற ட்ரோனைத் திருப்பியபோது, எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து மரத்தை விட்டவர் அவர். வெளிச்சம் திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் மறுபடி பிடித்தார். தண்ணீர் இன்னும் ஏறிவிட்டது; இப்போது விட்டால் திரும்பப் பிடிக்க மரம் எட்டாது. அது வேணிக்குத் தெரியும்.

ஹெலிகாப்டர் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இறக்குங்க தம்பி" என்றாள்.

அருள்ராஜ் அவளைப் பார்த்தார். விரலை அசைத்தார். வெளிச்சம் தர்மராஜின் முகத்திலிருந்து நழுவி, தண்ணீரின் மேல் நகர்ந்து கரைக்கு வந்து அணைந்தது. திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

வேணி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் 'இந்தாங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"தர்மராஜு! இங்கதான் இருக்கேன்! தர்மராஜு!"

ஹெலிகாப்டர் சத்தம் நெருங்கி வந்தது. அதில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவள் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.