செல்வினுக்கு ஒரு பேருந்து

ஏழு வருடமாகக் கோல் அடித்துக்கொடுத்த செல்வினைக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊர்க் கால்பந்துக் கிளப்பின் ஏசி பேருந்தை வாங்கிக்கொள்வதென்று இரு கிளப் முதலாளிகளும் பேசி முடித்தார்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் மைதான வாசலிலேயே கைமாற்றினார்கள். அவனுடைய முதலாளி இன்ஜினைத் திறந்து வெகுநேரம் பார்த்தார், டயர்களைத் தட்டினார். புது முதலாளி செல்வினின் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “ஓடும்” என்றார்.

செல்வினின் அணி ஆட்டக்காரர்கள் அந்தப் பேருந்தில் ஏறினார்கள். பழக்கத்தில் செல்வினும் ஏறி, நண்பன் லூர்துவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“தம்பி, நீ இறங்கணும்” என்றார் பழைய முதலாளி.

செல்வின் லூர்துவைப் பார்த்தான். லூர்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செல்வின் இறங்கினான். கதவு மூடுவதற்குள் பழைய முதலாளி கேட்டது காதில் விழுந்தது: “ஏசி எப்படிடா இருக்கு?”

“ஜில்லுனு இருக்கு சார்.” அது லூர்துவின் குரல்.