அணைக்காத லைவ்

குருமூர்த்தி பேஸ்புக் லைவை அணைக்காமலே போனை ஸ்பேனர் பெட்டிமேல் சாய்த்து வைத்தான்.

அதுவரை அரைமணி நேரம் பேட்டரி வண்டிகளைக் கிழி கிழியென்று கிழித்திருந்தான். நாலு வருடமாக இதுதான். ஜெயங்கொண்டத்தில் மெக்கானிக் கடை, பேஸ்புக்கில் எரிகிற ஸ்கூட்டர் வீடியோ. அவன் பேச்சைக் கேட்டு ஷோரூம் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் பெரம்பலூரில்கூட உண்டு.

ஆனால் ஆறு மாதமாகக் கமெண்டில் காற்று மாறியிருந்தது. 'எரிஞ்சு போயிடும்' என்று அவன் போட்டால், 'அண்ணே, என்னுது ரெண்டு மழைக்காலம் தாண்டிருச்சு' என்று கீழே ஒருவர் போடுகிறார். கடைக்கு வருகிற பெட்ரோல் வண்டிகளும் குறைந்துவிட்டன.

மனைவி லீலாவதி டீயோடு வந்தாள். போனை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க, நம்ம வண்டிய சார்ஜ்ல போட்டீங்களா?"

கமெண்டுகள் ஒரு நொடி நின்றன. அப்புறம் கொட்டின. நாலு வருட மானம் கப்பலேறியது. குருமூர்த்தி நெஞ்சில் கைவைத்து அழகாகத் திடுக்கிட்டான்.

டம்ளரை வைத்தவள் போகவில்லை.

"அன்னிக்கு மாதிரி மறந்துட்டு, உடையார்பாளையம் ரோட்டுல என்னையத் தள்ள வுட்டுடாதீங்க."

இப்போது அவன் முகம் நிஜமாகவே வெளுத்தது. பாய்ந்து லைவை அணைத்தான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பத்து நிமிடம் கழித்துப் பயந்து பயந்து திறந்தான். சிரிப்புப் பொம்மைகளுக்கு நடுவே ஓர் அரியலூர்க்காரர் எழுதியிருந்தார்: 'தள்ளுனதையும் மறைக்காத வூடு. இவங்களை நம்பலாம். என்ன வண்டிண்ணே, எங்க கிடைக்கும்?'

அதற்குக் கீழே நூறு பேர் அதையே கேட்டிருந்தார்கள்.

கடை முகப்பில் பழைய புடவை போட்டு மூடியிருந்த புதுப் பலகையைக் குருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். குருமூர்த்தி பேட்டரி வண்டி விற்பனையகம். வெள்ளிக்கிழமை திறப்பு.

சார்ஜ் கேள்வியைக் காலையிலிருந்து மூன்று தடவை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

தள்ளின சங்கதி அவள் சொந்தச் சரக்கு. உச்சி வெயிலில் மூன்று கிலோமீட்டர் அவள்தான் தள்ளினாள். பலகை எழுதுகிறவரிடம் போனில் பேசியபடி அவன் நிழல் பார்த்து நடந்து வந்தான்.