பாத்திரத்தின் அடியில்

ஆர்வில் சூப் பாத்திரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். மதப் பிரசுரம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சந்தேகம் இன்னும் கூடியது.

"ஆறிடும், குடிங்க," என்றாள் எதிர்வீட்டு நடீன். அவர் இடுப்பு முறிந்து படுத்ததிலிருந்து சாப்பாடு அவள் கையால்தான்.

"இந்த வித்தையெல்லாம் எனக்கும் தெரியும்மா. முதல்ல சூப், அப்புறம் ஜெபம், அப்புறம் ஞாயித்துக்கிழமை வான்னு இழுப்பே. எந்தச் சபை உன்னை அனுப்புச்சு?"

"நான் எந்தச் சர்ச்சுக்கும் போறதில்ல."

"பொய். இந்த கன்சாஸ்ல சும்மா எவனும் சூப் தூக்கிட்டு வரமாட்டான்."

"உங்களுக்கு அப்படித்தான் தோணும். கேக் தட்டுக்கு அடியில பிரசுரத்தை ஒட்டி எடுத்துட்டு, சனிக்கிழமை தவறாம வந்து, நான் நரகத்துக்குத்தான் போவேன்னு கதவைத் தட்டினவரு நீங்கதானே? டி.வி.யை அணைச்சுட்டு சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன். ஒரு சனிக்கிழமை தட்டல. பயந்து ஓடிவந்து பார்த்தா, படிக்குக் கீழ கிடக்கிறீங்க."

ஆர்வில் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ, அத்தனை சனிக்கிழமையும் நீ உள்ளதான் இருந்தியா?"

"இருந்தேன். நடக்க முடிஞ்சதும் வாங்க. வெறுங்கையோட வாங்க, திறக்கிறேன்."