முந்திக்கொண்டு வரும் பதில்

தொகுப்பாளர் கேள்வியை இன்னும் கேட்டு முடிக்கவில்லை. வழக்கமாக அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிடும்.

இன்று வரவில்லை.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். சுவரைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

அந்தப் பக்கம் இருப்பது அவருடைய தங்கை. வீட்டைப் பிரித்தபோது மாடிப்படி யாருக்கு என்பதில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். ஒரே கூடமாக இருந்ததன் நடுவே சுவர் எழுந்தது. பேச்சு அன்றோடு நின்றது.

இந்த வினாடி வினா மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அண்ணனும் தங்கையும் பார்க்க ஆரம்பித்த நிகழ்ச்சியாம். இன்றைக்கும் அதே இசை, அதே சிவப்பு நாற்காலி. கடிகாரம் ஒரு பக்கம் தலைதெறிக்க ஓட, "அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்கிற அதே தொகுப்பாளர். அவருக்குத் தலை நரைத்தது. ஒருநாள் திடீரென்று கறுத்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். கை காட்டுகிறவர்களுக்கு நிறுத்துகிறாரோ இல்லையோ, இந்த நிகழ்ச்சிக்கு டாணென்று வீட்டில் இருப்பார். நாற்காலியைச் சுவரோரம்தான் போட்டுக்கொள்வார். அங்கேதான் காற்று வருகிறதாம். சுவரிலிருந்து என்ன காற்று வரும்?

அவள் குரல் கேட்டதும் இவருக்கு மூக்கு விடைக்கும். கேள்வி முடிவதற்குள் சொல்கிறாள் பார், சின்ன வயதிலிருந்தே கற்பூர புத்தி என்று, திட்டுகிற மாதிரியே பெருமைப்படுவார்.

உண்மை எனக்குத் தெரியும். டிஷ் மாட்ட வந்தவர் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டில் கேபிள், எங்கள் வீட்டில் டிஷ். எல்லாமே அங்கே சில நொடி முன்னால் வந்துவிடும். அவள் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்வதுதான், இங்கே பாதிக் கேள்வியில் வந்து விழுகிறது.

இதை நான் இவர் காதில் போடவில்லை. தங்கையைப் பற்றிப் பேச அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதில் நான் ஏன் மண்ணைப் போட வேண்டும்?

அடுத்த கேள்விக்கும் சுவரிலிருந்து சத்தமில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

தனியாக இருக்கிறவள் ஆயிற்றே என்று முணுமுணுத்தபடி எழுந்தார். செருப்புகூடப் போடவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர் தட்டிய தட்டில் தெருவே எட்டிப் பார்த்தது. அவள் கதவைத் திறந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். பஸ் முழுக்க நிற்கிறவர்களை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளுகிற மனுஷர், தங்கையைப் பார்த்ததும் கதவு நிலையை நகத்தால் சுரண்டினார்.

"பதில் வரலையே, குட்டி" என்றார் கடைசியில்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டிவி ஓடலைண்ணா."

அதற்கென்ன, அங்கே ஓடுகிறது, வா என்று அவர் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு அடி பின்னால் போனவள் நின்றாள். கண்ணாடியை மறந்துவிட்டாளாம். நான் எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் அண்ணி, நானே போகிறேன் என்று தடுமாறினாள். உள்ளே போனால் மனசு மாறிவிடுவாளோ என்று எனக்குப் பயம். முதுகில் கை வைத்து அவளை முன்னே தள்ளிவிட்டு, நான் உள்ளே போனேன்.

அவள் வீட்டிலும் நாற்காலி சுவரோரம்தான் இருந்தது. அதன் மேல் கண்ணாடி.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்திருந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கள்ளி, எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாளோ.

சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் பேசுவது, பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. இங்கே உட்கார், இங்கேதான் காற்று வரும் என்று அவளுக்குத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

என் எதிரே திரையில் 'நிலக்கரி' என்ற விடை பச்சையாக ஒளிர்ந்தது.

"கிராஃபைட்!" என்று அங்கே இவர் அடித்துச் சொன்னார்.

"அதேதாண்ணா" என்றாள் கற்பூர புத்திக்காரி.

நான் டிவியை அணைத்தேன். ப்ளக்கையும் பிடுங்கிப் போட்டேன். டிவி ஓடலை என்று அவள் சொன்னது இப்போது பொய்யில்லை.