பாசி இல்லாத தொட்டி

எழுபத்திரண்டு மணி நேரமாக ஜெசிந்தா வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கொசுப்புழு தின்னும் மீன் இல்லாத தொட்டிக்கு நகராட்சி தண்ணீர் திறந்துவிடாது. அவளுடைய மீன்கள் வெயிலில் செத்துப்போயிருந்தன. பக்கத்து வீட்டு மீன் குட்டி போட்டதும் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் அந்தத் தெருவின் வழக்கம். பக்கத்து வீட்டுச் சுகிர்தாவிடம் இருந்தது ஒரே ஒரு சினை மீன்.

ஜெசிந்தா காலிக் குடத்தோடு வந்தாள்.

"ஏட்டி, உன் மகாராணிக்கு இன்னும் நோவு எடுக்கலையா? நீ தாற தண்ணி குடிக்கத்தான் காணுது. பிள்ளைய குளிப்பாட்டி மூணு நாளாச்சு. வகுப்புல யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்காவளாம்."

சுகிர்தா குடத்தைக் குழாயடியில் வைத்தாள். நேற்றிலிருந்து ஜெசிந்தா கேட்காமலே ஒரு குடம் கூடுதலாகக் கொடுத்துவந்தாள்.

"மீன் படிப்பு படிச்சவதானே நீ? எப்போன்னு சொல்லேன்." ஜெசிந்தா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அடிவரை தெளிவாக இருந்தது. "என்னட்டி, வயிறு வத்திக் கிடக்கு?"

குடம் நிரம்பி வழிந்தது. சுகிர்தா குழாயை மூடினாள்.

"நேத்தே போட்டுச்சுக்கா. இருபது குட்டி. பிறக்கத நல்லாப் பாக்கணும்னு பாசியெல்லாம் நான்தான் அள்ளி வெளிய போட்டேன். ஒளிய இடமில்லாம... தாயே தின்னுட்டு."