சிவப்புக் கம்பி

மூன்றாவது தடவையும் வலது பக்கம் ஊமையாகவே இருந்தது.

டிரைவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்து முறைத்தார். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு வருடமாகியும் தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான்.

போன வாரம் ஹெட்போனின் நீள ஒயர் தையல் மெஷின் சக்கரத்தில் சிக்கி, பாட்டுக் கேட்டபடி தைத்துக்கொண்டிருந்த மனைவியின் தலையை அப்படியே கீழே இழுத்துவிட்டது. நடுவில் வெட்டி, வேண்டாத நீளத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஈயம் வைத்து ஒட்டினால் தீர்ந்தது. வீடியோவில் ஒருத்தர் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினார்.

வீடியோக்காரருக்கு ஐந்து நிமிடம்.

உண்மையில் ஒயர் ஒரு சாக்கு. முன்பெல்லாம் விளக்கை அணைத்ததும் அவள் பேசத் தொடங்குவாள். இவர் தூங்கினாலும் நிற்காது. ஒரு வருடமாக அந்தப் பேச்சு இல்லை. பகலில் வைவாள், சாப்பிடக் கூப்பிடுவாள். அதெல்லாம் பேச்சில் சேர்த்தியில்லை.

என்ன கோபம் என்று யோசித்துப் பார்த்தார். முப்பத்தோரு வருடக் குற்றப் பட்டியலில் எதையென்று பிடிப்பது?

கேட்க வாய் வரவில்லை. ஒயரையாவது ஒட்டிக் கொடுத்துச் சமாதானமாகலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

முதலில், கம்பியின் வண்ணப் பூச்சைச் சுரண்டாமலே ஈயம் வைத்தார். அது ஒட்டாமல் உருண்டு நேராக அவர் தொடையில் விழுந்தது. சுரண்டி வைத்தபின் பச்சைக் கம்பி பாடியது, இடது பக்கம். வலது பக்கச் சிவப்பு பாடவில்லை. வெட்டினார். ஒட்டினார். மேலே போடவேண்டிய ரப்பர் குழாயை மறந்தார். மறுபடி வெட்டினார்.

ஆள் உயர ஒயர் இப்போது முழ நீளம். இன்னும் இரண்டு தடவை தோற்றால் போனைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த அறையில் மெஷின் நின்றது. அவள் வந்தாள்.

"பஸ்ஸையே பிரிச்சு மாட்டுறவரு மாதிரி என்ன ஒரு பந்தா. குடுங்க இப்படி."

மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானே பாடுது."

பாவம் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தார். வாங்கி மாட்டினார். இடது காதில் பாட்டு. வலதில் ஒன்றுமில்லை.

ஹெட்போனைத் திருப்பி, பக்கம் மாற்றி மாட்டினார்.

அப்போதும் பாட்டு இடது காதில்தான் இருந்தது.

முப்பது வருடம் டிரைவர் சீட்டு ஜன்னலோரம், காற்றுக்கும் ஹாரனுக்கும் கொடுத்திருந்த காது, வலது காது.

கட்டிலில் அவள் படுப்பது அவருக்கு வலப்பக்கம். அவர் சுவரைப் பார்த்து, இடது காதைத் தலையணையில் புதைத்துப் படுப்பார்.

ஹெட்போனை மெல்லக் கழற்றினார்.

"ஏம்மா, இந்த ஒரு வருஷத்துல ராத்திரி எங்கிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

அவள் மேசைமேல் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொன்னேன். மூணு நாள் சொன்னேன். நீங்க வாயே தொறக்கல. சரின்னு நானே தனியா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டேன்."

ஹெட்போனை எடுத்துக்கொண்டு போனாள்.

எதற்கு என்று அவர் கேட்டபோது மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது.