பேர் வெட்டாத குடம்

“வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கக்கா. மிஷினை ஓட விட்டுட்டு எம்புட்டு நேரம் ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கது?”

ஹமீது கேட்பது இது மூன்றாவது முறை. மாடத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் போன டவுன் பஸ்ஸைப் பார்த்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டைக்குப் போனவர்களுக்கு மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் பாராட்டு விழா. சண்டை முடிந்து இருபத்தைந்து வருடம் கழித்து, இராஜபாளையத்து மன்றம் ஒன்றுக்கு அவர்கள் ஞாபகம் வந்திருந்தது. ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். பெயர் வெட்டும் வேலை, பாத்திரக்கடை ஹமீதுக்கு. மன்றத் தலைவர் தன் பெயரைப் பட்டங்களோடு குடத்தின் வயிற்றைச் சுற்றி வெட்டச் சொல்லியிருந்தார். போருக்குப் போனவர் பெயருக்கு மிஞ்சியது ஒரு பல்லி உட்காரும் இடம்.

உயிரோடு இல்லாதவர்கள் என்றால் பெயருக்குக் கீழே ‘நினைவாக’ என்று சேர்க்க வேண்டும். அந்தக் குடங்களை முந்தின நாளே முடித்துவிட்டான். மற்றவையும் முடிந்தன. பாக்கி இது ஒன்றுதான். மன்றத்தார் ‘சோழபுரம் மிலிட்டரிக்காரர் வீடு’ என்று மட்டும் சொல்லி, பெயருக்கு அந்த அம்மாவையே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பெயர் தெரியாவிட்டால், காலி இடத்தில் தன் சம்சாரத்தின் பெயரை வெட்டிவிடும்படி தலைவர் உத்தரவு.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வாயைத் திறக்காத பெண்கள் ஹமீதுக்குப் புதிதில்லை. கூட வந்த பிள்ளை சொல்லும். இல்லையென்றால் அவர்களே சாடை காட்டுவார்கள். மாடத்திக்குப் பிள்ளை இல்லை. தனியாகத்தான் வந்திருந்தாள்.

சாமி பேரா என்று கேட்டு, பாத்திரத்தில் வெட்டி வெட்டியே தெரிந்துகொண்ட சாமிகளை எல்லாம் வரிசையாகச் சொன்னான் ஹமீது. எந்தச் சாமிக்கும் அவள் தலை அசையவில்லை.

“சாடையும் காட்ட மாட்டேன் பாய். அதுவும் சொன்ன மாதிரிதான்.”

“அப்ப அவியளையே வரச் சொல்லுங்க.”

“வெளியூர்ல இருக்காக.”

நாளைக்காவது வருவாரா என்று கேட்டான். வரணும் என்றாள். வந்தால் இந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் முதலில் கொடுப்பாளாம். அதற்குப் பெயர் எதற்கு, வெறுங்குடமாகவே தந்துவிடுங்கள் என்றாள்.

ஹமீது மிஷினை நிறுத்தினான். கோபப்படவில்லை. வியாபாரத்தில் கோபம் கட்டுப்படியாகாது.

“அக்கா, எதுக்குப் பேரு வெட்டுதோம்? விசேஷ வீட்டுக்கு இரவல் போற ஏனம் திரும்பி நம்ம வீட்டுக்கு வந்து சேரணும்னுதான். பேரில்லாததை யாரு தேடுவா? போன எடத்துலயே கெடக்கும்.”

மாடத்தி திரும்பினாள். குடத்தை மடியில் வாங்கி, அந்தப் பல்லி இடத்தை விரலால் தடவினாள். ஒரு பஸ் போய் இன்னொரு பஸ் வந்தது.

“வீரணன்” என்றாள்.

மெல்லத்தான் சொன்னாள். மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை.

“இம்புட்டுத்தானா? நூறு வயசு இருப்பாகக்கா, ஒண்ணும் கொறையாது” என்று ஹமீது சிரித்தான். மிஷின் உறுமி ஓய்ந்தது. துணியால் துடைத்துக் குடத்தை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

“சண்டையில ஆளைக் காணலன்னு தந்தி வந்துச்சு பாய். ஆயுசு கொறைஞ்சிரக் கூடாதுன்னுதான் இத்தனை வருசமா வாயத் தொறக்கல” என்றவள், முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். “இன்னைக்குச் சொல்லியாச்சு. கீழ எடமிருந்தா ‘நினைவாக’ன்னும் வெட்டிருங்க.”